இருபது சீட்டுகள்

இளையோர் நாவலில் இத்துணைக் கொலை வேண்டுமா என வினவுவோர் உளர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை நூலகங்களினின்று நீக்கக் கோரியோரும் அந்நாட்டில் உண்டு. பானெம் என்னும் கற்பனை நாட்டில் ஆண்டுதோறும் 12 மாவட்டங்களினின்றும் 24 சிறார் குலுக்கலில் எடுக்கப்பெற்று, ஒருவர் எஞ்சும்வரை தம்முட் பொருது மடிகின்றனர். தலைநகர் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டு களிக்கிறது.

ஆயின் நாம் நின்று நோக்க வேண்டியது போர்க்களத்தை அன்று, சீட்டுக் குடத்தை. 12 வயதில் ஒரு சீட்டு. ஆண்டுக்கு ஒன்று கூடும். 16 வயதுக் காட்னிஸுக்கு முறைப்படி ஐந்தே சீட்டுகள். அவள் பெயரிலோ இருபது! தாய், தங்கை, தான் என மூவருக்கும் தானியமும் எண்ணெயும் பெறுவதற்காக, ஆண்டுதோறும் மும்மூன்று சீட்டுகளை மிகுதியாக ஏற்றாள். பசியில்லா வீட்டுப் பிள்ளைக்கு இக்கடன் இல்லை. நடுநிலை போலத் தோன்றும் குலுக்கல் ஏழையையே நாடுகிறது. குருதியைச் சுவைக்க எழுந்த நூல் இக்கணக்கைப் போட்டிராது என்பது நம் துணிபு.

ஒரே சீட்டுடைய தங்கையின் பெயர் வர, அவளுக்கு ஈடாகக் காட்னிஸ் முன்வருகிறாள். அவள் வீரத்தை வில்லில் மட்டும் காண்பது போதாது. சுரங்க வெடிப்பில் தந்தை இறந்தபின் 11 வயதிலேயே குடும்பத்தின் பசியாற்றியவள் அவள். களத்தில் மடிந்த 12 வயது ரூவின் உடலை மலர்களால் மூடுகிறாள். கண்டு களிப்போர் நாண வேண்டும் என்றே அதனைச் செய்கிறாள்.