கணிப்பொறிக் கோளாறும் ஸ்கேனர் இயக்கியும்: காரணம் அறிந்து களையும் முறை

பஞ்சாயத்துக் காரியங்கள் யாவும் ஏட்டிலும் காகிதக் கட்டிலும் அடங்கியிருந்த காலம் மாறிவிட்டது. பஞ்சாயத்தின் வரவு செலவும் திட்டப் பட்டியலும் இன்று கணிப்பொறி வாயிலாகவே மேலிடத்துக்குச் செல்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளம் இதன் பொருட்டே அமைந்ததாகும். பயிர் இன்ஷூரன்ஸுக்கு மனுச் செய்யும் விவசாயியின் சிட்டா, அடங்கல், பாங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளும் ஸ்கேனர் வழியே கணிப்பொறியில் ஏறியாக வேண்டும். கடைசி நாளன்று ஸ்கேனர் அசையாது நின்றுவிடின், ஒரு போகத்து உழைப்புக்கு உள்ள காப்பு கைநழுவிப் போகும். ஆதலின், இக்கோளாறுகள் யாவை, அவற்றைக் களைவது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ளுதல் செயலாளருக்கு மட்டுமன்றிப் பஞ்சாயத்து உறுப்பினர் அனைவருக்கும் அவசியமாகும். நம் அலுவலகங்களிலும் சேவை மையங்களிலும் பெரிதும் வழங்கும் விண்டோஸ் கணிப்பொறியை வைத்தே இங்கு விளக்குவோம்.

இயக்கி என்பது யாது?

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவரை நினைக்க வேண்டாம். முன்னாளில் துரைமார்களின் கச்சேரிகளில் துபாஷி ஒருவர் இருப்பார். மனுதாரரின் பேச்சைத் துரைக்கும், துரையின் உத்தரவை மனுதாரருக்கும் எடுத்துரைப்பது அவர் வேலை. ஸ்கேனருக்கும் கணிப்பொறிக்கும் இடையே அத்தகைய துபாஷியாக நிற்கும் மென்பொருளே இயக்கி. ஸ்கேனரும் நன்றாக இருக்கலாம், கணிப்பொறியும் நன்றாக இருக்கலாம். துபாஷி இல்லையேல் ஒன்றன் பேச்சு மற்றதற்குப் புரியாது.

இத்துபாஷிகளில் இரு வழக்குகள் உண்டு. ஒன்று 1992-இல் வெளிவந்த ட்வெய்ன் என்னும் முறை. மற்றது 2000-ஆம் ஆண்டில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த டபிள்யூ.ஐ.ஏ. என்னும் முறை. சில நிரல்கள் முன்னதையும், சில பின்னதையும் நாடும். மேலும் 32-பிட், 64-பிட் என்னும் பிரிவும் உண்டு. 32-பிட் விண்டோஸுக்கென எழுதிய சாதன இயக்கி 64-பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-ஓ 64-பிட்டாக மட்டுமே வெளிவருகிறது. பழைய ஸ்கேனர் புதுக் கணிப்பொறியில் படியாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஸ்கேனர் கெட்டுவிட்டதென்று எண்ணி அதனைத் தூக்கி எறிவது வீண் செலவாகும்.

முதலில் நோய் இருக்கும் இடத்தைக் காண்க

பயிர் வாடினால் நீர்க்குறையா, வேரழுகலா, பூச்சியா என்று பாராமல் மருந்து தெளிக்கும் விவசாயி இல்லை. இங்கும் அவ்வாறே. கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: மின்சாரமும் இணைப்புக் கம்பியும், ஸ்கேனர், இயக்கி, கணிப்பொறி. எது என்பதை அறியப் பின்வரும் சோதனைகள் உதவும்.

1. அச்சுப்பொறியும் ஸ்கேனரும் ஒருங்கே அமைந்த கருவியாயின், கணிப்பொறியின் துணையின்றி அதன் நகல் பொத்தானை அழுத்திப் பார்க்க. நகல் தெளிவாக வந்தால் ஸ்கேனரின் கண்ணாடியும் விளக்கும் நலமே. குறை கம்பியிலோ, இயக்கியிலோ, கணிப்பொறியிலோ உள்ளது.

2. ஸ்கேனரை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, உரிய இயக்கியை நிறுவிப் பார்க்க. அங்கு வேலை செய்தால் ஸ்கேனர் குற்றமற்றது.

3. விண்டோஸுடன் வரும் ஸ்கேன் நிரலில் படம் வந்து, வேறு நிரலில் மட்டும் வராவிடில், டபிள்யூ.ஐ.ஏ. இயக்கி நலமே. மேலே கூறிய வழக்கு வேற்றுமையோ, அந்நிரலின் அமைப்போ காரணமாகும். 64-பிட் நிரல் ஒன்று 32-பிட் ட்வெய்ன் இயக்கியை ஏற்காது என்பதை நினைவிற் கொள்க.

சோதனையின்போது ஒரு விதியைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. கம்பியையும் இயக்கியையும் ஒருசேர மாற்றிவிட்டால், எதனால் குணம் கண்டது என்பது தெரியாமற் போகும்; கோளாறு மீண்டும் தலைகாட்டும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

ஸ்கேனரைச் சீர்செய்யும் வரிசை

எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் செய்வதே முறை.

முதற்படி, கணிப்பொறியையும் ஸ்கேனரையும் முழுதும் அணைத்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் இயக்குக. சில ஸ்கேனர்களின் அடிப்புறத்தில், பயணத்தின்போது உட்பகுதி அசையாதிருக்க ஒரு பூட்டு இருக்கும். அது திறக்கப்படாதிருந்தால் உராயும் ஒலி எழும், படம் வராது.

இரண்டாம் படி, யு.எஸ்.பி. கம்பியைச் சோதிக்க. கம்பி 5 மீட்டருக்கு மேற்படலாகாது. தனி மின்சார இணைப்பில்லாத ஸ்கேனர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அக்கம்பியிலிருந்தே பெறுகிறது. யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதனைப் பல கிளையாகப் பிரித்தால் கடைமடை வயலுக்கு நீர் எட்டாதது போல ஸ்கேனருக்கு மின்சாரம் எட்டாது. ஆதலின் மேசைக் கணிப்பொறியின் பின்புறத் துளையில் நேராகச் செருகுவதே நன்று.

மூன்றாம் படி, விண்டோஸின் சர்வீஸஸ் பட்டியலைத் திறந்து, விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன் என்னும் சேவை ஓடுகிறதா என்று பார்க்க. நின்றிருந்தால் தொடங்குக, தானே தொடங்குமாறும் அமைக்க.

நான்காம் படி, டிவைஸ் மேனேஜர் என்னும் சாதனப் பட்டியலைக் காண்க. ஸ்கேனரின் பெயரருகே மஞ்சள் நிற முக்கோணம் தோன்றினால், பெயரை இருமுறை சொடுக்குக. ஓர் எண் காணப்படும். அந்த எண்ணே நோயின் பெயர்:

எண் 28: இயக்கி நிறுவப்படவில்லை.
எண் 10: சாதனம் தொடங்க இயலவில்லை.
எண் 39: இயக்கி சிதைந்தது அல்லது காணவில்லை.
எண் 43: சாதனம் தன்னிடம் கோளாறு உண்டெனத் தெரிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்தியது.
எண் 45: சாதனம் இப்போது இணைக்கப்படவில்லை.
எண் 52: இயக்கியின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை.

எண் 45 எனில் கம்பியைப் பார்த்தாலே போதும். எண் 43 எனில் வேறு கம்பி, வேறு துளை, வேறு கணிப்பொறி என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். எண் 28, 39 ஆகியவற்றுக்கு இயக்கியைப் புதிதாக நிறுவுதலே பரிகாரம்.

ஐந்தாம் படி, இயக்கியைப் புதிதாக நிறுவுதல். கம்பியைக் கழற்றுமுன், சாதனப் பட்டியலில் ஸ்கேனரை நீக்குக. இயக்கி மென்பொருளையும் அழிக்கும்படி கேட்கும் கட்டம் தோன்றின், அதற்கும் இசைவு தருக. பிறகு கம்பியைக் கழற்றிக் கணிப்பொறியை மீண்டும் தொடங்குக. ஸ்கேனரைச் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, அதன் மாதிரி எண்ணுக்கும் நம் விண்டோஸின் வகைக்கும் ஏற்ற இயக்கியைப் பெறுக. அதனை நிறுவுகையில், கம்பியை இணைக்கும்படி திரையில் கூறும் கட்டம் வந்த பின்னரே இணைக்க வேண்டும். முன்னரே இணைத்துவிட்டால் விண்டோஸ் தானாக வேறோர் இயக்கியைப் பொருத்திக்கொள்வதுண்டு.

நேற்றுவரை ஓடிய ஸ்கேனர் விண்டோஸின் புதுப்பித்தலுக்குப் பின் நின்றுவிட்டதாயின், சாதனத்தின் டிரைவர் பகுதியில் உள்ள ரோல் பேக் பொத்தான் முந்தைய இயக்கியை மீட்டுத் தரும். கம்பெனி 64-பிட் இயக்கி வெளியிடாத பழைய ஸ்கேனராயின், லினக்ஸ் கணிப்பொறியில் உள்ள சேன் என்னும் இலவச மென்பொருள் அதனை அறியக்கூடும். பார்த்த பின்னரே புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கணிப்பொறியே அடிக்கடி நின்றால்

வேலையின் நடுவே நீலத் திரை தோன்றிக் கணிப்பொறி தானே அணைந்து எழுவதுண்டு. புதிய விண்டோஸ் 11-இல் இத்திரை கறுப்பாகவும் வரும். அதில் ஸ்டாப் கோடு என்று குறிக்கப்பட்ட சொற்களை உடனே எழுதிக்கொள்க. ஸ்கேன் செய்யும் வேளையில் மட்டும் இது நேர்ந்தால் இயக்கியையும் யு.எஸ்.பி. இணைப்பையும் முதலில் ஐயுறலாம். எவ்வேலையின்போதும் நேர்ந்தால் நினைவகச் சில்லு, வெப்பம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, வட்டின் பழுது ஆகியவற்றை நோக்க வேண்டும். ரிலையபிலிட்டி மானிட்டர் என்னும் பகுதி, எந்த நாளில் எது பழுதுற்றது என்பதை நாள்வாரியாகக் காட்டும். பழுது தொடங்கிய நாளில் புதிதாக நிறுவியது யாது எனக் கண்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருந்தால் அதனைச் சரிபார்க்க ஒரு கட்டளை உண்டு. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எப், சி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், இடைவெளி விட்டுச் சாய்கோட்டையும், அதனுடன் சேர்த்து ஸ்கேன்நவ் என்னும் சொல்லையும் இட வேண்டும். நினைவகத்தைச் சோதிக்க விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்னும் கருவி உடன் வருகிறது. வட்டு நிரம்பி இடமின்றி இருப்பதும் பல கோளாறுகளுக்கு மூலமாகும்.

மற்றொரு சிறு காரணம் பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மேசைக் கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால், அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். தேதி பிழையானால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதெனக் கருதி, சர்க்கார் தளங்கள் திறக்க மறுக்கும். இணையம் கெட்டதென்று அலைவதற்கு முன் திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்ப்பது நலம்.

படத்தின் அளவு

கோளாறே இல்லாமலும் வேலை நிற்கக்கூடும். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத படம் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். 600 புள்ளியாயின் அது நான்கு மடங்காகி 104 மெகாபைட்டை எட்டும். சிறிய கணிப்பொறி இதனைத் தாங்காது திணறும். தளமும் பெரிய கோப்பை ஏற்காது. எழுத்து நிறைந்த தாளுக்கு 200 முதல் 300 புள்ளி வரை சாம்பல் நிறத்தில் எடுத்தாலே போதுமானது.

பஞ்சாயத்தின் பொறுப்பு

பழுதுப் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். நாள், திரையில் தோன்றிய சொல் அல்லது எண், செய்த பரிகாரம், பலன் ஆகிய நான்கையும் அதில் குறிக்க. ரிப்பேர் செய்ய வருபவரிடம் இப்பதிவேட்டைக் காட்டினால் அவருடைய நேரமும் நம் பணமும் மிச்சப்படும். இயக்கியைத் தொடுமுன் விண்டோஸின் மீட்புப் புள்ளி ஒன்றை ஏற்படுத்துக. தீர்மானங்கள், கணக்குகள் ஆகியவற்றின் பிரதியைத் தனி வட்டில் வாரந்தோறும் எடுத்து வைக்க.

இயக்கி இலவசம் என்று அழைக்கும் அறியாத தளங்களை நாடலாகாது. அவற்றின் வழியே தீய நிரல்கள் புகுவதுண்டு. தொலைபேசியில் அழைத்து, கணிப்பொறியைத் தூரத்திலிருந்தே சீர்செய்வதாகக் கூறும் அந்நியருக்கு அனுமதி தருவது பஞ்சாயத்தின் பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனை உடைய அலுவலகங்கள் மாற்றத்துக்குத் திட்டமிடுகையில், தம் ஸ்கேனருக்குப் புதிய இயக்கி உண்டா என்பதை வாங்குமுன் விசாரித்தல் வேண்டும்.

கிராம சபைத் தீர்மானத்தையும் பயிர் இன்ஷூரன்ஸ் மனுவையும் கடைசி நாள் வரை தள்ளிவையாமல், சில நாட்கள் முன்னதாகவே ஏற்றிவிடுவது யாவற்றிலும் சிறந்த தற்காப்பாகும். மழைக்கு முன் வரப்பைச் சீர் செய்யும் விவசாயிக்கு இதனை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதே முன்யோசனையைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கடைப்பிடித்தால், ஒரு கம்பியின் பழுதினால் எந்த விவசாயியும் தன் உரிமையை இழக்க நேராது.