நாளே பெயரான மெட்டு

பண்டை நிகழ்ச்சிகளை மக்கள் கல்லில் பொறிப்பர், ஏட்டில் எழுதுவர், இசையிலும் பொதிந்து வைப்பர். அமெரிக்க நாட்டுப்புறங்களில் பிடிலில் வாசிக்கப்பெறும் பழைய மெட்டு ஒன்று இதற்குச் சான்றாகும். அதன் பெயர் ‘ஜனவரி எட்டு’ என்பது.

ஒரு நாள் மெட்டுக்குப் பெயராகியது ஏன்? 1812ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கைப்பற்றப் பிரிட்டிஷ் படை வந்தது. அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் மண்ணரண் எழுப்பிக் காத்து நின்றார். அவருடைய படையில் போர்வீரரோடு உழவரும், வேட்டைக்காரரும், அடிமைத்தளை நீங்கிய கறுப்பரும், செவ்விந்தியரும், கடற்கொள்ளையரும் இருந்தனர்.

1815 ஜனவரி 8ஆம் நாள் விடியற்காலையில், மூடுபனியினூடே பிரிட்டிஷ் படை முன்னேறிற்று. பனி விலகவே, வெட்டவெளியில் வந்த வீரர்மீது அரணிலிருந்து குண்டுமாரி பொழிந்தது. படைத்தலைவர் பாக்கனாம் மாண்டார். இறந்தோர், புண்பட்டோர், சிறைப்பட்டோர் என அப்படை இழந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். அமெரிக்கர் இழந்தோரோ நூற்றுவர்க்கும் குறைவு. அவ்வெற்றித் திருநாள் பல்லாண்டுகள் கொண்டாடப்பெற்றது. அந்நாளின் பெயரையே மெட்டும் ஏற்றது. ஜாக்சன் 1829இல் குடியரசுத் தலைவரானார்.

காலம் செல்லச் செல்ல, மெட்டை அறிந்தோர் பலராயினும் அதன் பொருளை அறிந்தோர் சிலராயினர். ஆர்க்கன்சா மாநிலத்து மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர் ஜிம்மி டிரிஃப்ட்வுட், தம் மாணவர் வரலாற்றை விரும்பிக் கற்கவேண்டும் எனக் கருதினார்; அம்மெட்டிற்கு ஏற்பப் போர்க்கதையைப் பாட்டாக அமைத்தார். வகுப்பறைக்கென எழுந்த அப்பாடலை ஜானி ஹார்ட்டன் பாட, 1959இல் அது நாடெங்கும் பரவியது. கிராமி விருதும் பெற்றது.

எனினும், மாணவர் உணரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்போருக்குப் பதினைந்து நாள் முன்னரே, 1814 டிசம்பர் 24இல், ஐரோப்பாவில் கெண்ட் நகரில் இரு நாட்டுத் தூதரும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தனர். கப்பல்வழி வரவேண்டிய அச்செய்தி போர்க்களத்தை எட்டுமுன் பல உயிர்கள் மடிந்தன. வெற்றியின் களிப்பை மெட்டு காத்து வைத்தது. அக்களிப்பின் பின் நிற்கும் துயரத்தைக் காட்டுவது வரலாறு. இசையைக் கேட்டு மகிழ்வதோடு அமையாது, அதன் பெயர்க்காரணத்தையும் ஆராய்ந்து அறிதலே கல்வியின் பயனாகும்.