சட்டைப்பை கேமராவும் ஒரு வகுத்தல் கணக்கும்

சென்சார் பெரிதாக இருந்தால் படம் நன்றாக வரும். புது மாடல் பழையதைவிட மேல். மெகாபிக்சல் கூடக்கூடத் தெளிவும் கூடும். உயர்ரக காம்பாக்ட் கேமரா வாங்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழுவது இந்த மூன்றும்தான். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் அசைக்க முடியாமல் நிற்கின்றன. ஆனால் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத கேமராவில் நாம் காசு கொடுப்பது முதலில் லென்ஸுக்கு. அந்த லென்ஸ் நாம் எடுக்கப்போகும் காட்சிக்குப் பொருந்துமா என்று கேட்காமல் பெட்டியில் அச்சிட்ட எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. இதைச் சோதித்துப் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வசதியான இடம். வெட்டவெளியில் கிடக்கும் சாத்தனூர் கல்மரம், நிழலில் நிற்கும் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்கள், காரை பள்ளங்களின் கைக்கடக்கமான தொல்லுயிர்ச் சுருள்கள், எட்டாத தூரத்தில் காரைவெட்டிப் பறவைகள் என்று எல்லா வகைச் சவாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

சென்சாரிலிருந்தே தொடங்கலாம். கேனான் 2017இல் கொண்டுவந்த ஜி1 எக்ஸ் மார்க் 3 கேமராவில் ஏபிஎஸ்-சி சென்சார், 22.3 x 14.9 மி.மீ. சோனி 2014இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 100 மார்க் 3இல் ஒரு இன்ச் என்று சொல்லப்படும் சென்சார், 13.2 x 8.8 மி.மீ. பரப்பளவில் கேனானுடையது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இனி இரண்டின் லென்ஸ் முகப்பு வளையத்தையும் பாருங்கள். கேனானில் 15–45 மி.மீ., எஃப் 2.8–5.6. சோனியில் 8.8–25.7 மி.மீ., எஃப் 1.8–2.8. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைத்துவிடும். ஜூமை முழுக்க நீட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் காட்டுகின்றன. பழைய பிலிம் கணக்கில் சொன்னால் சுமார் 70 மி.மீ. அந்த நிலையில் கேனானின் வாசல் 45ஐ 5.6ஆல் வகுத்தால் 8 மி.மீ.; சோனியின் வாசல் 25.7ஐ 2.8ஆல் வகுத்தால் 9.2 மி.மீ. ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்தால் சிறிய சென்சார் வைத்த கேமராதான் மூன்றில் ஒரு பங்கு அதிக ஒளியைச் சேர்க்கிறது. குழாய் சிறுத்துவிட்டால் அண்டா பெரிதாக இருந்து என்ன பயன்? வைட் முனையில் கேனான் சற்று முந்துகிறது என்பதும் உண்மை, 5.4க்கு 4.9. ஆனால் மூன்று மடங்கு சென்சாருக்கு அது மிகச் சிறிய லாபம். பானசோனிக் எல்.எக்ஸ். 100 மார்க் 2 ஏறத்தாழ அதே டெலி நிலையில் 12 மி.மீ. வாசல் தருகிறது. கடையில் அதிகம் பேசப்படாத அந்தக் கேமரா இந்தக் கணக்கில் இரண்டையும் தாண்டிப் போகிறது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. ஒளி தாராளமாக இருக்கும்போது வாசலின் அகலம் முக்கியமில்லை, எவ்வளவு ஒளியைத் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி. அங்கே பெரிய சென்சார் வெல்லும். சரிதான். உச்சிவெயிலில் வெளுத்த வானமும் நிழலடித்த கல்லும் ஒரே சட்டத்தில் வரவேண்டும் என்றால் பெரிய சென்சார்தான் இரண்டையும் காப்பாற்றும். முக்காலியில் வைத்து நிதானமாக எடுப்பவருக்கும் அப்படியே. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும்; சட்டைப்பை கேமரா வாங்குகிறவர் அதற்காக மனு எழுதிக்கொண்டிருக்கப்போவதில்லை. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கங்கைகொண்ட சோழபுரத்தில் பலரும் தேடிப்போகும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, கோயிலின் வடக்குப் படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. வடக்குச் சுவர் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாத பக்கம். பொழுது சாயும் நேரத்தில் கையில் பிடித்தபடி, சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றும் விரல்களை மட்டும் டெலியில் எடுக்கப் பார்த்தால், மேலே போட்ட வகுத்தல் அப்படியே படத்தில் தெரியும். வாசல் குறுகிய கேமரா ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், விரலிடுக்குகள் புள்ளி புள்ளியாகக் கரையும்.

புது மாடல் என்ற மயக்கத்துக்கும் இதே கணக்குதான் பதில். ஆர்.எக்ஸ். 100 வரிசையில் 2019இல் வந்த ஏழாவது மாடலின் லென்ஸ் 9–72 மி.மீ., எஃப் 2.8–4.5. சென்சார் அளவு மாறவில்லை. வைட் முனையில் வாசல் 3.2 மி.மீ.தான். ஐந்து ஆண்டு மூத்த மூன்றாவது மாடல் அதே இடத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஒளி வாங்குகிறது. ஏழாவது மாடலில் போகஸ் வேகம் அபாரம், பிலிம் கணக்கில் 200 மி.மீ. வரை எட்டுகிறது, திருவிழாவில் ஓடும் குழந்தையைப் பிடிக்க அதுதான் சரி. ஆனால் இருட்டு மண்டபத்துக்கு என்று நினைத்து அதை வாங்கினால், கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த ஒளியை வாங்கியதாகும். இங்கே கைப்பேசிக்காரர்கள் சிரிக்கலாம், அவர்களுக்கு உரிமையும் உண்டு. 2022இல் வந்த ஐபோன் 14 புரோவின் முதன்மை கேமரா 6.86 மி.மீ., எஃப் 1.78, வாசல் 3.85 மி.மீ. வைட் கோணத்தில் அது ஏழாவது ஆர்.எக்ஸ். 100ஐவிட அகலம். அதோடு பல படங்களை நொடியில் அடுக்கி இரைச்சலைக் குறைக்கும் வித்தையும் போனிடம் இருக்கிறது. வெறும் வைட் படத்துக்காகத் தனி கேமரா வாங்குவதற்குக் காரணம் தேடுவது இப்போது கஷ்டம். ஜூமை 70 வரை நீட்டியதும் நிலைமை மாறிவிடுகிறது.

மெகாபிக்சல் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 20இலிருந்து 24க்குப் போனால் நீளவாக்கில் கூடுவது பத்து விழுக்காடுகூட இல்லை. நம்மூர்க் கல்யாண ஆல்பத்தின் 12 x 36 விரிப்பில் ஒரு பக்கம் 12 x 18 இன்ச். 20 மெகாபிக்சல் படம் இன்ச்சுக்கு 300 புள்ளி வீதம் அந்தப் பக்கத்தைச் சரியாக நிரப்பிவிடும். ஜூம் இல்லாத கேமராவில் மட்டும் கதை வேறு. 2024இல் வந்த ஃபியூஜி எக்ஸ் 100 ஆறாவது மாடலின் 40 மெகாபிக்சலை 35இலிருந்து 70 மி.மீ. கோணத்துக்கு வெட்டினாலும் 10 மெகாபிக்சல் மிஞ்சும். அங்கே அந்த எண் விளம்பரம் இல்லை, ஜூமுக்கு மாற்று.

ஜூம் இல்லாத லென்ஸே கலைஞனுக்கு அழகு என்ற நம்பிக்கையையும் ஊர் மண்ணில் வைத்துப் பார்க்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். சுவர்கள் மேலே போகப்போகச் சாய்ந்து தெரியாமல், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி மட்டமாகப் பிடித்து முழு விமானத்தையும் அடக்க, 24 மி.மீ. கோணத்தில் ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ரிக்கோ ஜி.ஆர். 3 எக்ஸின் 40 மி.மீ. கோணத்தில் ஏறத்தாழ 120 மீட்டர் பின்வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் இடையில் மரமும் ஆளும் வந்து நிற்கும். சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர் கல்மரத்துக்கு 24இல் 12 மீட்டர் போதும், 40இல் 20 மீட்டர் தேவை. காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் அம்மோனைட் சுருள் எடுக்கிறவருக்கோ கணக்கு தலைகீழ். பெரும்பாலான ஜூம் காம்பாக்ட்டுகள் 5 செ.மீ. வரை நெருங்கும் என்று பெருமையாகச் சொல்வது வைட் முனையில் மட்டும். அத்தனை அருகே போனதும் கேமராவின் நிழலே சுருளின் மேல் விழுந்து வரிப்பள்ளங்களை மூடிவிடும். ஜி.ஆர். 3 எக்ஸ் 12 செ.மீ. தள்ளியே நெருக்கப் படம் எடுக்கும். பக்கவாட்டு வெயில் உள்ளே வர இடம் கிடைக்கும். விமானத்தில் தோற்ற லென்ஸ் இங்கே ஜெயிக்கிறது.

காரைவெட்டிக்கு வரும் வரித்தலை வாத்துக்காகக் கேமரா தேடுகிறவர் இந்தப் பட்டியலையே மூடிவைக்கலாம். 200 மி.மீ. அதற்குப் போதாது. நிக்கான் பி 950 போன்ற கனத்த சூப்பர்ஜூம்கள் சட்டைப்பையில் நுழையா. ஆனால் அந்த வேலைக்கு அவைதான்.

கடைசியாக, லென்ஸ் கழலாத கேமராவில் தூசி புகாது என்ற நம்பிக்கை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் நின்று படமெடுக்கிறவருக்கு இது விலையுயர்ந்த நம்பிக்கை. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது, தூசியும் கூடவே போகிறது. லென்ஸ் கழலும் கேமராவாக இருந்தால் சென்சாரைத் துடைத்துவிடலாம். இதில் முழுக்கப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், சர்வீஸ் கூலி கையைக் கடிக்கும். எக்ஸ் 100இன் ஆறாவது மாடலும்கூட, தனியாக விற்கும் வளையத்தையும் பில்டரையும் முகப்பில் பூட்டினால்தான் தூசி, தூறலைத் தாங்கும் என்று ஃபியூஜியே சொல்கிறது. பழைய கேமராவாக வாங்குவதென்றால் கடையிலேயே எஃப் 11 வைத்து, போகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால், அதைத் துடைக்கும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.