வானொலியில் நம் ஊர் எங்கே?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘ஊடகமும் ஜனநாயகமும்’ பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஊடகத்தின் வகைகள், பணிகள், பொறுப்புகள் எனக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஊடகம் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. இந்த ஆண்டு கேட்டார்கள். அதற்குக் காரணம் ஓர் அட்டைப்பெட்டி.

கல்லிடைக்குறிச்சியில் எங்களிடம் படித்து, இப்போது சென்னையில் வடிவமைப்புக் கல்வி பயிலும் முன்னாள் மாணவி ஒருவர் விடுமுறையில் பள்ளிக்கு வந்தார். பருவத் திட்டப்பணிக்காகத் தாம் செய்த வானொலிப் பெட்டியை வகுப்பில் காட்டினார். முன்பக்கம் எட்டு அலைவரிசை எண்கள். குமிழை எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் ஒரே பாட்டு, ஒரே விளம்பரம். பின்பக்க மூடியைத் திறந்தால் எட்டு கம்பிகளும் ஓர் உண்டியலில் போய் முடிகின்றன. வானொலி ஒரு சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் போனால் என்ன ஆகும் என்பதே அவருடைய கருத்து. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து, “அக்கா, இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?” என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வியையே பாடமாக்கினோம்.

செயல்பாடு 1: கேட்டு எழுதுதல்

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் ஓர் அலைவரிசையை அரை மணி நேரம் கேட்க வேண்டும். பாட்டு, விளம்பரம், அறிவிப்பாளர் பேச்சு, பயனுள்ள தகவல், நம் பகுதி ஊர்ப்பெயர் என ஐந்து கட்டங்கள். கேட்பதை நிமிடவாரியாகக் குறிக்க வேண்டும். சிலர் அலைபேசியில் கேட்டார்கள். சிலர் தேநீர்க் கடையில் நின்று கேட்டார்கள். சிலர் அப்பளம் இடும் வீடுகளில் வேலையோடு வேலையாக ஓடும் வானொலியைக் கேட்டார்கள்.

மறுநாள் தாள்களை ஒட்டிப் பார்த்தோம். பாட்டுக் கட்டமும் விளம்பரக் கட்டமும் நிரம்பியிருந்தன. ஊர்ப்பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலி. “டீச்சர், அம்பாசமுத்திரம்கூட நகைக்கடை விளம்பரத்துலதான் வந்துச்சு” என்றான் ஒருவன்.

செயல்பாடு 2: ஏன் அப்படி?

இங்கே ஆசிரியருக்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. அதன்பின் தனியாருக்கு எஃப்.எம். உரிமங்கள் ஏலத்தில் விடப்பட்டன. முதல் தனியார் எஃப்.எம். 2001இல் பெங்களூருவில் தொடங்கியது. 2005இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கைப்படி, ஏலத்தில் நுழைவுக் கட்டணம் செலுத்துவதோடு ஆண்டுதோறும் வருவாயில் 4 விழுக்காட்டையும் அரசுக்குச் செலுத்த வேண்டும். இந்தப் பணம் விளம்பரத்தில் இருந்துதான் வர வேண்டும். விளம்பரதாரருக்குக் கூட்டம் வேண்டும். ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கு ஒலிபரப்பினால் செலவு குறைவு. சிறிய ஊரின் செய்தி அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

அமெரிக்காவின் கதையையும் சொன்னேன். ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. ஏதோ ஒரு நகரில் பதிவு செய்த அறிவிப்பாளர் குரல் பல ஊர்களில் உள்ளூர்க் குரல்போல ஒலித்தது. நம் நாட்டில் வரம்பு உண்டு. ஒரு நகரில் உள்ள அலைவரிசைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருக்க முடியாது. குறைந்தது மூன்று நிறுவனங்களாவது அங்கே இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதும் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். “தனியார்னா கெட்டது, அரசுன்னா நல்லது.” நானும் அத்தோடு பாடத்தை முடித்திருப்பேன். ஒரு மாணவனின் ஆச்சி முடிக்க விடவில்லை.

செயல்பாடு 3: மூத்தோரிடம் கேட்டல்

“உங்க காலத்தில் வானொலி எப்படி இருந்தது?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். எண்பதைத் தாண்டிய அந்த ஆச்சி பேரனிடம், “நம்ம ரேடியோவுல சினிமாப் பாட்டே போட மாட்டாங்கல்லா. சிலோனைத்தான் திருப்புவோம்” என்றாராம். அவர் சொன்னது வரலாறு. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவரவே 1957 அக்டோபர் 3இல் விவித்பாரதி தொடங்கப்பட்டது. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது.

அப்படியானால் ஒரே அரசு நிறுவனம் முடிவு செய்தாலும் நம் குரல் விடுபடலாம். முன்பு சொன்ன 1995 தீர்ப்பும் அரசின் தனியுரிமை, தனியாரின் தனியுரிமை இரண்டையும் ஏற்கவில்லை என்பதை வகுப்பில் சேர்த்துச் சொன்னேன். கரும்பலகையில் இருந்த ‘நல்லது, கெட்டது’ அட்டவணையை அழித்துவிட்டு நான்கு கேள்விகளை எழுதினோம்: யாருக்குச் சொந்தம்? யார் பணம் தருகிறார்? எதைச் சொல்வது என்று யார் முடிவு செய்கிறார்? தவறினால் யாரிடம் கேட்கலாம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பிள்ளைகள் மறக்கவில்லை. தாமிரபரணி கரைபுரண்டது. மாவட்டத்தின் பல இடங்களில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. “அன்னைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு ரேடியோவுல யாரு சொல்லணும், டீச்சர்?” என்று ஒரு மாணவன் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆனால் வானிலை, இயற்கைப் பேரிடர் போன்ற தகவல்களைச் சொல்ல மூன்றாம் கட்டக் கொள்கையில் அனுமதி உண்டு. அனுமதி மட்டும் போதாது, ஊரில் இருந்து பார்த்துச் சொல்ல ஆளும் வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அதற்குத்தான் சமுதாய வானொலி. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அரசு இதைத் திறந்துவிட்டது. 2004 பிப்ரவரி 1இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இவ்வகையில் நாட்டின் முதல் வளாக வானொலி. பாம்பனில் ‘கடல் ஓசை’ 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. இவற்றின் ஒலிபரப்புத் திறன் சிறியது. சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும்.

செயல்பாடு 4: நம் ஒலிபரப்பு

உரிமம் வாங்குவது எங்களால் ஆகாது. காலை வணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கியில் வெள்ளிதோறும் பத்து நிமிடம் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினோம். ஆற்றில் தண்ணீர், சந்தை விலை, நூலகத்துக்கு வந்த புத்தகங்கள், ஒரு கதை என நிகழ்ச்சி ஓடியது. எதைச் சேர்ப்பது என்று குழு கூடி முடிவு செய்யும்.

மூன்றாம் வாரம் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு பெட்டிக்கடைக்காரர் மகிழ்ச்சியோடு நிகழ்ச்சிக் குழுவுக்குப் பேனாக்கள் வாங்கிக் கொடுத்தார். அந்த வாரம் தாளில் இருந்த ‘காலாவதித் தேதி பார்த்துத் தின்பண்டம் வாங்குங்கள்’ என்ற செய்தி ஒலிபெருக்கியில் வரவில்லை. கேட்டேன். “அண்ணாச்சி பேனா கொடுத்தாருல்லா டீச்சர்…” என்று இழுத்தார்கள். அவர் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளே விட்டுவிட்டார்கள்.

நான் திட்டவில்லை. நான்கு கேள்விகளை மறுபடி எழுதினேன். யார் பணம் தருகிறார் என்ற கேள்விக்கு அவர்களே தலைகுனிந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்தச் செய்தி வாசிக்கப்பட்டது. கடைக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. உண்டியலில் கம்பி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை நான் பாடம் நடத்திப் புரியவைத்ததைவிட அந்தப் பேனாக்கள் நன்றாகப் புரியவைத்தன.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

நான்கு செயல்பாடுகளுக்கும் ஆறு பாடவேளைகள் போதும். ஒலிபரப்பு மட்டும் பருவம் முழுவதும் தொடரலாம். தொடக்க வகுப்புகளில் கேட்டு எழுதுதலைப் பத்து நிமிடமாகக் குறைத்து, பாட்டு, பேச்சு என இரண்டு கட்டங்கள் மட்டும் வைக்கலாம். வானொலி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்காதபடி குழு அமையுங்கள். எந்த நிறுவனத்தின் பெயரையும் குற்றவாளியாக எழுத விடாதீர்கள். கேள்விகளை மட்டும் எழுத விடுங்கள். ஒலிபெருக்கியில் எப்போதும் நன்றாகப் பேசும் பிள்ளைகளே பேசாமல், குழுக்கள் முறைவைத்து மாறட்டும்.

முன்னாள் மாணவிக்கு இதையெல்லாம் அலைபேசியில் சொன்னேன். பெட்டியில் ஒன்பதாவதாக ஓர் எண் சேர்க்கப் போவதாகச் சொன்னார். அந்தக் கம்பி எங்கே போகும் என்று எங்கள் ஏழாம் வகுப்பைக் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.