இறந்தவருக்காக ஜெபிக்கலாமா?

கேள்வி: நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் அப்படி ஜெபிப்பதில்லையே, ஏன்?

பதில்: சொர்க்கம், நரகம் இரண்டையும் இரு தரப்பாரும் நம்புகிறார்கள். சிக்கல் நடுவில்தான். மன்னிப்புப் பெற்று இறந்தவரும் பாவக்கறை முழுதும் நீங்கும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பார், நம் ஜெபமும் பூசையும் அவருக்கு உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில், போரில் மாண்ட வீரர்களின் பாவம் நீங்கப் பலி செலுத்தும்படி அவர்களின் தலைவர் யூதா எருசலேமுக்குப் பணம் திரட்டி அனுப்புகிறார். அதுதான் கத்தோலிக்கர்களுக்குப் பெரிய ஆதாரம். புராட்டஸ்டண்ட் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்ததே என்று புராட்டஸ்டண்டுகள் கேட்பார்கள். மனந்திரும்புதல் சாவுக்கு முன்பே நடந்தாக வேண்டும் என்பதிலும் இருவருக்கும் வாக்குவாதமே இல்லை. தாயின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுபவரிடம் போய் இதைத் தர்க்கம் பண்ணாதீர்கள்.