தொடுமுன் ஒரு கணக்கு, தொட்டபின் ஒரு கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

பச்சிளம் குழந்தைகள் வார்டில் யார், எப்போது கை கழுவுகிறார்கள் என்று எண்ணி நீ எழுதிய அறிக்கையைப் படித்தேன். கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களும் கழுவும் படிகளும் உனக்கும் எனக்கும் மனப்பாடம், அதை விடு. என்னை உறுத்தியது உன் அட்டவணை. பிள்ளையைத் தொடுமுன் கழுவியதையும் தொட்டபின் கழுவியதையும் கூட்டி ஒரே சதவீதமாகப் போட்டிருக்கிறாய். எப்படி மனசு வந்தது? மலம் துடைத்த கையைக் கழுவ யாரும் சொல்லித் தர வேண்டாம், அருவருப்பே கழுவ வைக்கும். அது நம்மைக் காக்க. கேனுலா போடுமுன், பால் குழாயைத் தொடுமுன் கழுவுவதுதான் ஒரு கிலோ எடைப் பிள்ளையைக் காக்கும். தில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பச்சிளம் குழந்தைகளின் இரத்தத் தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் அசினடோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் முன்னே நின்றன. இரண்டும் நம் கையேறிப் போகிறவை. ஆகவே பிரித்து எழுது.

முடிவுரையில் ‘செவிலியரின் அலட்சியம்’ என்கிறாய். அதை அடித்துவிடு. பேசின் கதவோரம் இருக்கிறது. முறையாகச் சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, போக வர நடை வேறு. ஒரு வார்மரில் பிள்ளை மூச்சை நிறுத்தினால் எவள் பேசினுக்கு ஓடுவாள்? ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20, 30 விநாடி, நின்ற இடத்திலேயே. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் சுவரொட்டியோடு படுக்கைதோறும் அதையும் வைத்தார்கள். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997-ல் 66 ஆனது. உன் வார்டில் வார்மர்தோறும் பாட்டில் தொங்குகிறதா, இரவில் காலியானால் யார் மாற்றுகிறார்கள்? ஒரு வரி இல்லையே! பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் கேட்கிற கேள்வி இது.

நான் சேர்ந்த காலத்தில் ஒரு வார்டில் எல்லாருக்கும் ஒரே துண்டு, காலையில் தொங்கவிட்டால் மறுநாள் வரை அதேதான். சோப்பு தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று கிடக்கும். எங்கள் தலைமை சிஸ்டர் செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, ஆட்டோகிளேவில் வைத்து, ஆளுக்கொன்று துடைக்கத் தந்தார். ஈரக்கையில் கிருமி எளிதாக ஒட்டும் என்பதை எந்த வகுப்பிலும் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. தண்ணீரும் எப்போதும் இருக்காது. நம்முடையது தாமிரபரணி ஓடுகிற ஊர்தான், ஆனாலும் சித்திரையில் குழாய் வெறும் காற்றை ஊதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு கரைபுரண்டபோது குடிநீர்த் திட்டங்களே சேதமாயின. தண்ணீரை மட்டும் நம்பி வார்டு நடத்த முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நடுராத்திரி டியூட்டியிலும் நின்று எண்ணியிருக்கிறாய். என் சர்வீஸில் எந்த டாக்டரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கங்களை ஒவ்வொரு செவிலியர் கல்லூரியிலும் படிக்க வைக்க வேண்டும், அவ்வளவு அருமை.

ஒன்று விட்டுப்போச்சு. கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு அணைக்க வரும் அம்மாவையும், கூட வரும் ஆச்சியையும் நீ எண்ணவில்லை. அவர்கள் கழுவுகிற குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருத்திய அறிக்கையை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய சிஸ்டர்
பாளையங்கோட்டை