குளிருதுன்னு வெயிலை நம்பாதீங்க!

தங்கச்சிமாரே, நம்ம வலப்பனை, இராகலைப் பக்கம் "இந்தக் குளிருக்கு வெயில் என்ன செய்யும்?" என்று கேட்காத ஆச்சி உண்டா? சுடாததால்தான் ஏமாறுகிறோம். தோலைக் கெடுப்பது சூடு அல்ல, புறஊதாக் கதிர். உயரம் 1,000 மீற்றர் கூடினால் அது சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மூட்டத்தையும் தாண்டி வரும். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துவிடும், தாகமும் சரியாகத் தெரியாது. நாம்தான் பார்த்துச் செய்யணும்.

நேரம்: லயத்து வாசலில் வெயில் காய்வதைக் காலையிலேயே முடிக்கட்டும். ஆளைவிட நிழல் குட்டையாகிவிட்டால் உள்ளே கூப்பிடுங்கள். சித்திரை வருசத்துக்கு முந்திய நாட்களிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும். அப்போது கூடுதல் கவனம்.

உடுப்பு: வயதான பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டை கொடுங்கள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் உள்ளே போகும். தலைத்துண்டைக் காதும் பிடரியும் மறையும்படி தொங்கவிடுங்கள். வழுக்கைத் தலைத் தாத்தாவுக்கு அகல விளிம்புத் தொப்பி.

கிரீம்: எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுங்கள். காது மடல், புறங்கை, செருப்பு வார் மறைக்காத பாதம் ஆகியவற்றுக்குத் தனியாகப் பூசுங்கள். வெளியில் இருந்தால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசணும். வாங்க வசதியில்லையா? குடையும் முழுக்கையும் போதும்.

தண்ணீர்: தாகம் வரும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிக்கு மட்டும் அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

குளிசை: பிரஷருக்கு, வீக்கத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகள் தோலைச் சீக்கிரம் வெயிலில் கன்றவைக்கும். கிளினிக் போகும்போது விசாரியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவசரம்: வெயிலில் நின்றவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே 1990 சுவசெரியவை அழையுங்கள். இலவச அம்புலன்ஸ்தான். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தலைவாரிவிடும்போது ஆச்சியின் காது, பிடரி, புறங்கையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.